மூந்து பாக்குமா, தொட்டுப் பாக்குமா

வாங்க தம்பி, இன்னும் கிட்ட வந்து உக்காருங்க. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்குங்க. அங்க வேண்டாம், அந்த மேஜர் குதிரைக்குப் பின்னால ஆரும் நிக்கப்படாது. அவன் ஆளைப் பாத்து ஒதைக்கறதில்லை, பழக்கத்துல ஒதைக்கறான். இக்கட்ட வாங்க. சத்தமாப் பேச முடியாது. அந்தக் கோடியில ஒருத்தி புல்லு நறுக்கறாளே, அவதான் மாராத்தா. குனிஞ்சு வேலை பாக்கறான்னு நெனச்சுக்காதீங்க. இங்க நான் எச்சில் முழுங்கினா அங்க அவளுக்குக் கேக்கும்.

லாயத்துக்குத் தீ மணி வாங்கப் போறீங்க, எது வாங்கலாம்னு கேட்டுக்கிட்டு உடுமலையில இருந்து வந்திருக்கீங்க. நல்லது. இங்க வர்றவங்க எல்லாம் தாரணி அம்மிணிகிட்டத்தான் கேப்பாங்க. சுவத்துல இருக்கற செவப்புப் பொட்டியப் போட்டோ புடிப்பாங்க, இளநி குடிப்பாங்க, காரேறிப் போயிருவாங்க. குதிரைக்காரன்கிட்ட வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். அதனால சொல்றேன். ஆனாக் கோவத்தோடதான் சொல்லுவேன். கோவமில்லாம இந்தக் கதைய எனக்குச் சொல்லத் தெரியாது.

என்ற பேரு ஆறுக்குட்டி. அம்மிணியோட அப்பா காலத்துல வந்தவன். முப்பத்தாறு வருசம். அம்மிணிய மொத மொதக் குதிரை மேல தூக்கி வெச்சதே இந்தக் கைதான். இப்ப அது பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களுக்குச் சவாரி சொல்லிக் குடுக்குது, பன்னண்டு குதிரை நிக்குது, எல்லாத்துக்கும் நான்தான் பெரிய ஆளு. எதுனால பெரிய ஆளு? இந்த மூக்குனால. ஒரு குதிரைக்கு வயித்து வலி வரப்போகுதுன்னா, மொத நாளே லத்திய மூந்து பாத்து எனக்குத் தெரிஞ்சுரும். புல்லுக்கட்டு நாலு மாசத்துப் புல்லா, நாலு வாரத்துப் புல்லான்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். டாக்டரு கூட வந்தா மொதல்ல என்னைத்தான் கேப்பாரு, என்னய்யா வாசம் வருதுன்னு.

நாலஞ்சு வருசத்துக்கு முந்தி ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அது எனக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் மூக்கு கொஞ்சம் மந்தம். மந்தம்தான், போயிரலை. அதை ஆருகிட்டயும் சொல்லலை. எதுக்குச் சொல்லோணும்?

போன பங்குனியில எங்கியோ வடக்க ஒரு லாயம் எரிஞ்சு போச்சு. பதினோரு குதிரைங்க. கதவெல்லாம் தொறந்து விட்டிருக்காங்க, ஒண்ணும் வெளிய வரலை. குதிரைக்கு அது குணமுங்க. பயந்தா, தான் நிக்கற எடத்துக்குள்ளயே போய் நின்னுக்கும். அம்மிணி அதைப் போனுல பாத்துட்டு ரெண்டு நாளாச் சோறு திங்கலை. நம்ம லாயத்துல தலைக்கு மேல பரணாட்டம் அட்டாலி, அட்டாலி பூராப் புல்லு. ஒரு பொறி போதும். அம்மிணி, மிசினு வெக்கலாம்னுச்சு. நான், "எதுக்கு அம்மிணி, என்ற மூக்கு இருக்குதே"ன்னேன். அது சிரிச்சுது. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கலை.

இழுத்து இழுத்துப் புரட்டாசியிலதான் கம்பெனியில இருந்து ஒரு தம்பி வந்தான், கௌதம்னு பேரு, மெட்ராசு. லாயத்துக்குள்ள வரும்போதே கர்ச்சீப்ப மூக்குல வெச்சுக்கிட்டு வந்தான். குதிரை நாத்தம் ஆகாதவன் குதிரைக்கு மிசினு வெக்க வந்துட்டான். புகை மிசினுங்க அது, வெள்ளைக் கிண்ணத்தைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும். புகை உள்ள போனாக் கத்தும். அட்டையில காயிதத்த வெச்சுக்கிட்டு அம்மிணியக் கேள்வி கேட்டான். இங்க சமையல் உண்டா? இல்லை. வெல்டிங்? இல்லை. வேற ஏதாச்சும்?

"பொழுதோட தெனமும் மூட்டம் போடுவாங்க"ன்னுச்சு அம்மிணி.

"சாயங்காலத்துல மூட்டமா இருக்குமா? மலைப் பக்கம்ல, அப்படித்தான் இருக்கும். பனியெல்லாம் பிரச்சினை இல்ல மேடம், இது தாங்கும்"னு எழுதிக்கிட்டான்.

அந்த நேரம் பாத்து அம்மிணிக்குப் போனு வந்துச்சு, பேசிக்கிட்டே வெளிய போயிருச்சு.

உங்களுக்குத் தெரியும், நீங்களும் குதிரை வெச்சிருக்கறீங்க. வேப்பந்தழை, நொச்சித்தழை, காஞ்ச லத்தி எல்லாத்தையும் ஓட்டைச் சட்டியில போட்டு ஈக்கும் கொசுவுக்கும் மூட்டம் போடறோம். எதிர்க்க நிக்கற குதிரை தெரியாத அளவுக்குப் புகை எந்திரிக்கும். அவன் வானத்து மூட்டத்த எழுதிக்கிட்டான். நான் ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். காது நல்லாக் கேக்கும் எனக்கு. "தம்பி, அது பனியில்லை, புகை"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவன் என்ற பக்கம் திரும்பவே இல்லையே. குதிரைக்கு ஒண்ணாப் பன்னண்டு கிண்ணம் மாட்ட ஏணி போடறப்ப மட்டும், "பெரியவரே, கொஞ்சம் புடிங்க"ன்னான். ஏணி புடிக்க மட்டும் நான் வேணும். புடிச்சேன். நல்லாக் கெட்டியாப் புடிச்சேன்.

மாராத்தா ஓரமா வந்து, "அண்ணா, அந்தத் தம்பி தப்பா வெளங்கிக்கிட்டாப்ல இருக்குதுங். நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தேவலை"ன்னா.

"நீ புல்லைப் பாரு"ன்னேன்.

அவ வாயத் தொறக்கப் போனா. நான் பாத்த பார்வையில மூடிக்கிட்டா.

அன்னிக்குப் பொழுதோட நான்தான் மூட்டம் போட்டேன். வழக்கம் போலத்தான் போட்டேன். தழை கொஞ்சம் எச்சா விழுந்திருக்கும், அவ்வளவுதான். பன்னண்டு கிண்ணமும் ஒண்ணாக் கத்துச்சு பாருங்க. அந்தச் சத்தத்தைக் குதிரை காதோட கேட்டுப் பாக்கோணும் நீங்க. மேஜர் கதவை ஒதைச்சுப் பின்னங்காலைக் கிழிச்சுக்கிட்டான், மூணு விரக்கடை நீளம். சில்க்கு எட்டு மாசச் சினை. அவ சுத்திச் சுத்தி வந்து நுரை தள்ளி நிக்கறா. நான் அந்தக் கௌதமுக்குப் பாடம் சொல்ல நெனச்சேன். அவன் அன்னேரம் கோயமுத்தூர்ல பஸ் ஏறியிருப்பான். பாடம் படிச்சது குதிரை.

அம்மிணி ஓடி வந்து கேட்டுச்சு. "ஆறுக்குட்டிண்ணா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, சொல்லியிருக்கலாம்ல?"

"என்னை ஆரு கேட்டாங்க?"

அம்மிணி குனிஞ்சு மேஜரோட காலைப் பாத்துச்சு. மறுநாளு, இனிமே மூட்டம் வேண்டாம்னு சொல்லிப்புடுச்சு. மிசினுக்காகக் குதிரையை ஈ தின்னோணும். இதென்ன ஞாயமுங்க? மேஜரோட புண்ணுல ஈ மொய்ச்சுச் சீழ் வெச்சுப் போச்சு. ராத்திரி பகல்னு இல்லாம பன்னண்டும் காலை ஒதறிக்கிட்டே நிக்குது. என்ற கண்ணு முன்னால. நான் பாத்துக்கிட்டு இருப்பனா? முக்குப் பரோட்டாக் கடையில பன்னண்டு பிளாஸ்டிக் கவரு வாங்கியாந்து, ஏணி போட்டு, கிண்ணம் கிண்ணமா மாட்டி, கழுத்துல ரப்பர் பேண்டு போட்டேன். அம்மிணி டவுனுக்குப் போற நேரமாப் பாத்து மூட்டம் போட்டேன். ஒண்ணும் கத்தலை. மொத ரெண்டு வாரம் மாட்டறதும் கழட்டறதுமா இருந்தேன். அறுபத்தி நாலு வயசுல தெனம் இருபத்தி நாலு தடவை ஏணியேற முட்டி ஒத்துக்குமா? கவரை அப்படியே விட்டுட்டேன். அண்ணாந்து பாக்கற ஆளு ஆரு இருக்காங்க?

ஒருத்தி இருந்தா.

மாராத்தா ஒண்ணும் சொல்லலை. அதுதான் அவகிட்ட இருக்கற விசம். சொல்ல மாட்டா, செய்வா. ஒரு நாளு வேகவெச்ச கொள்ளு ஒரு கிண்ணத்துல கொண்டாந்து, "அண்ணா, பதமா வெந்திருக்குதா பாருங்"ன்னா. மூந்து பாத்து, பதம்னேன். அவ தலையாட்டிட்டுப் போனா. அப்புறம் பாக்கறேன், அண்டாவோட கொண்டுபோய்க் குப்பைக் குழியில கவுக்கறா. அடியெல்லாம் கரியாப் புடிச்சுக் கெடக்குது. இன்னொரு நாளு ஒரு புட்டி. "இது தண்ணியா என்னன்னு தெரியலைங், பாருங்". மூந்து பாத்து, தண்ணிதான்னேன். மண்ணெண்ணெய்ங்க அது. அவ கையில தாளிச்ச வாசம் அடிச்சிருக்கும், அதுல எப்படித் தெரியும்? என்னையச் சோதிச்சிருக்கறா. பதினெட்டு வருசமா என்ற கைக்குக் கீழ கூட்டற பொம்பளை, என்ற மூக்குக்குப் பரீட்சை வெச்சிருக்கறா. அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது.

ஐப்பசியில புல்லு வந்துச்சு. நல்ல கொழுக்கட்டைப் புல்லு, கட்டுக் கட்டா நூத்தி நாப்பது. கொண்டாந்தவன், வழியில மழை புடிச்சுதுங்க, ஆனாத் தார்ப்பாய் போட்டிருந்தேன்னான். நான் ஒரு கட்டைத் தூக்கி மூந்து பாத்தேன். காஞ்சுதான் இருந்துச்சு. ஏத்துங்கடான்னு சொல்லிட்டேன். மாராத்தா ஒரு கட்டுக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டு, "நடுவுல பிசுபிசுங்குதுங்கண்ணா"ன்னா. மழைக்காலத்துல உன்ற சேலை கூடத்தான் பிசுபிசுங்கும்னேன். ஏத்துனவனுங்க சிரிச்சானுங்க. அவ சிரிக்கலை.

ஈரப்புல்லை அமுக்கி அடுக்கினா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்லோணுமா? உள்ளுக்குள்ளயே வேகும். வெளிய பச்சையா இருக்கும், நடு வயித்துல கொல்லன் ஒலையாட்டம் காஞ்சுக்கிட்டே இருக்கும். இது எனக்குத் தெரியாத சமாச்சாரமா? நானே ரெண்டு தடவை மூந்து கண்டுபுடிச்சு எறக்கியிருக்கறேன். பழைய காலத்துல.

இருபது நாளு போச்சு. ஒரு நாளு காலையில பத்து மணி இருக்கும், மேஜருக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்கறேன். மாராத்தா அட்டாலி ஏணியில இருந்து எறங்கி வந்தா. கையில கடப்பாறை. ஒரு நுனியில துணியச் சுத்திப் புடிச்சிருந்தா. "அண்ணா, இதைக் கொஞ்சம் புடிங்"ன்னு மறு நுனிய நீட்டினா.

புடிச்சேன். இதோ பாருங்க உள்ளங்கைய. தழும்பு தெரியுதா? விட்டு ஒதறினேன்.

"புல்லுக்குள்ள ஒரு முழம் விட்டு வெச்சு எடுத்தேனுங்"ன்னா. கொரலை ஏத்தலை, எறக்கலை. "மொதல்ல குதிரைங்க வெளிய போகட்டுங். அப்புறம் புல்லைப் பிரிக்கலாம். பிரிச்சாக் காத்து பட்டுப் புடிச்சுக்கும்."

உத்தரவு போடறா எனக்கு. ஆனாச் சண்டை போட நேரமில்லை. பன்னண்டு தலைக்கயிறு. நான் ஆறு, அவ ஆறு. சில்க்கு மட்டும் வர மாட்டேன்னுட்டா. சினை வயித்தோட மூலையில போய் நின்னுக்கிட்டா. நான் துண்டை அவிழ்த்து அவ கண்ணைக் கட்டி, கழுத்தோட கழுத்தா ஒட்டிக்கிட்டு, காதுல பேசிக்கிட்டே கூட்டியாந்தேன். என்ன பேசினேன்னு கேக்காதீங்க. அவளுக்கும் எனக்கும் தெரியும்.

அப்புறம் அட்டாலி மேல ஏறிக் கட்டைத் தள்ளினோம். மொதல் முப்பது நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ பழுப்பு. அதுக்குக் கீழ கறுப்பு, புகையிலையாட்டம். ஒரு கட்டு கீழ விழுந்து வாசல்ல ஒடைஞ்சுது பாருங்க, ஒடைஞ்ச வேகத்துல அப்படியே குப்புனு புடிச்சுது. வாசல்லங்க. மேல இருந்திருந்தா?

அம்மிணி ஊட்டுல இருந்து ஓடியாந்து மோட்டாரப் போட்டுவிட்டு, ஓசுப் பைப்ப இழுத்துத் தண்ணி அடிச்சுச்சு. எல்லாம் அடங்குனதுக்கப்புறம் லாயத்துக்குள்ள வந்துச்சு. அண்ணாந்து பாத்துச்சு. பன்னண்டு கவரு, பரோட்டாக் கடை பேரோட.

"ஆறுக்குட்டிண்ணா, என்ன இது?"

"பாத்தீங்களா அம்மிணி"ன்னேன். "இத்தனை நடந்துச்சு, ஒரு கிண்ணமாச்சும் கத்துச்சா? இதுதான் உங்க மிசினோட லட்சணம்."

நீங்க சிரிக்கறீங்க. நல்ல மிசினுன்னாக் கவருக்குள்ள இருந்தும் தெரியோணுமில்லீங்களா? சரி, விடுங்க.

அம்மிணி மொகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போச்சு. நான் தூக்கி வளத்த புள்ளை. என்ற கண்ணைப் பாக்காமச் சொல்லுச்சு. "நாளையில இருந்து நீங்க வர வேண்டாங்கண்ணா."

முப்பத்தாறு வருசத்துக்கு எட்டு வார்த்தை கூட இல்லை. எனக்குப் போறதுக்கு எடமில்லைன்னு இல்லை. என்ற மகன் திருப்பூர்ல இருக்கறான். ஆனாத் திருப்பூர்ல குதிரை இல்லை. காலையில எந்திரிச்சு எதை மூந்து பாக்கறது?

அப்பத்தான் மாராத்தா நடுவுல வந்தா. மூஞ்சியெல்லாம் கரி, முந்தானையில தொடைச்சுக்கிட்டே, "அம்மிணி, அண்ணன்தானுங், மேல ஏதோ வெந்த வாசம் வருது, கடப்பாறைய விட்டுப் பாருன்னு சொன்னாரு. இல்லாட்டி எனக்கென்னுங் தெரியும், நான் கூட்டறவ"ன்னா.

அம்மிணி என்னைப் பாத்துச்சு. "அப்படியாங்கண்ணா?"

நான் இல்லைன்னு சொல்லியிருக்கோணும். ஆம்பளைன்னாச் சொல்லியிருக்கோணும். வாயத் தொறந்தேன், "ஆமா"ன்னு வந்துச்சு. அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் மன்னிக்கவே மாட்டேன். ஆரு கேட்டாங்க அவளை? எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா, அவ வந்து எனக்காகச் சொல்லோணுமா?

அதோட விட்டாளா? "ஆனா அண்ணனும் ஒரு நாளைக்குச் சொந்தம், ஒறம்பரை ஊட்டுக்குப் போவாரு. அன்னிக்கு ஆருங் மூந்து பாக்கறது? மிசினு வேணுந்தானுங். வேற மிசினு"ன்னா.

அடுத்த வாரம் அதே கௌதம் வந்தான். இந்தத் தடவை கர்ச்சீப்பு இல்லை. பெஞ்சு மேல மூணு தினுசு வெச்சான். ஒண்ணு புதுக் கிண்ணம், தூசி வந்தாலும் ஏமாறாதுன்னான். ஒண்ணு கேமராவாட்டம், நெருப்பு வெளிச்சத்தக் கண்ணால பாக்கும்னான். மூணாவது வெறும் கம்பிச் சுருள். அம்மிணி ஒவ்வொண்ணா வெவரம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. மாராத்தா கூடையத் தலையில இருந்து எறக்கி வெச்சுட்டு, "தம்பி, இதுகள்ல எது மூந்து பாக்கும், எது தொட்டுப் பாக்கும்?"னா.

அவன் முழிச்சான். அப்புறம் கம்பியத் தொட்டுக் காட்டுனான். "இதாம்மா தொட்டுப் பாக்கறது. உள்ள ரெண்டு கம்பி முறுக்கி இருக்கும், நடுவுல ஒரு தோலு. சூடு ஏறினாத் தோலு உருகி ரெண்டும் ஒட்டிக்கும், மணி அடிக்கும். புகை, தூசி எதுவும் இதுக்குத் தெரியாது."

"அதுதானுங் வேணும். இங்க மூந்து பாக்கறது ஆகாது"ன்னா.

எல்லாரும் கம்பியப் பாத்தாங்க. நான் என்ற மூக்கத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். அத்தனை பேரு முன்னால என்னையத்தான் குத்திச் சொன்னா, எனக்குத் தெரியாதா?

அப்புறம் என்ற பக்கம் திரும்பி, "அண்ணா, சித்திரையில இந்தத் தகரக் கூரை எப்படி இருக்கும்னு தம்பிகிட்டச் சொல்லுங்"ன்னா. மத்தியானத்துல கையை வெச்சாத் தோலு ஒட்டிக்கும்னேன். அப்படின்னாச் சூடு எச்சாத் தாங்கற கம்பிதான் போடணும், இல்லேன்னா வெயிலுக்கே மணி அடிச்சிரும்னு அவன் எழுதிக்கிட்டான், என்ற மூஞ்சியப் பாத்து. "மணி எங்க வெக்கறதுங்கண்ணா?"ன்னா. குதிரை தலைக்கு மேல வெச்சா வெச்சவனை நான் ஒதைப்பேன், ஆளு படுக்கற எடத்துல வையுன்னேன். அதையும் எழுதினான். மூட்டம்னா என்னன்னும் சொன்னேன், சட்டியக் கொண்டாந்தே காட்டினேன். அவன் காது செவந்து போச்சு. கம்பி ஏறுனதும் அம்மிணி மூட்டத்தையும் திரும்பப் போடச் சொல்லிருச்சு. புல்லை அட்டாலியில வெக்காம அந்தா தள்ளித் தெரியுதே, அந்தச் சாளைக் குடிசைக்கு மாத்தோணும்னு சொன்னதும் நான்தான். அவ கேட்டா, நான் சொன்னேன். பாருங்க தம்பி, கடைசியில மிசினைத் தேர்ந்தெடுத்தது நான்தான், அவ இல்லை. ஆனா ஊரெல்லாம் மாராத்தா மிசினுங்குது.

நீங்களும் கம்பியே போடுங்க. ஆனாக் கம்பி இருக்குதுன்னு படுத்துத் தூங்காதீங்க, போருக்குள்ள வேகறது கூரையில இருக்கற கம்பிக்கு எட்டாது. காலையில கடப்பாறைய விட்டுப் பாருங்க. நான் தெனமும் பாக்கறேன். கையாலதான்.

இன்னும் ஒண்ணு இருக்குது, அதைக் கேட்டுட்டுப் போங்க. எல்லாம் மாட்டி முடிச்சதும் கௌதம் ஒரு பலகைய எடுத்தான். தீக்குப் பொறுப்பான ஆளு ஒருத்தரு பேரை வாசல்ல எழுதி வெக்கோணுமாம், அந்த ஆளு காயிதத்துலயும் கையெழுத்துப் போடோணுமாம். அம்மிணி, "மாராத்தா பேரை எழுதுங்க"ன்னுச்சு. அவ, "என்ற பேரு எதுக்குங், அண்ணன் பேரை எழுதுங். அண்ணன்தான் எந்நேரமும் இங்க இருக்கறாரு"ன்னா. எழுதிட்டான். செவப்பு எழுத்துல, ஆறுக்குட்டின்னு. போறப்ப வாசல்ல பாருங்க.

பேனாவக் குடுத்தாங்க. மெதுவா, ஒவ்வொரு எழுத்தாக் கையெழுத்துப் போட்டேன். போட்டு நிமுந்தேன். எல்லாரும் நிக்கறாங்க, அம்மிணி நிக்குது, அந்த மெட்ராசுத் தம்பி நிக்கறான். அத்தனை பேரு பாக்க, மாராத்தா கிட்ட வந்து, என்ற சட்டைப் பையில ரெண்டு வெரலை விட்டு, பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, புல்லு நறுக்கப் போயிட்டா.